மார்கழியில் சம்பா நாற்று

அம்சவல்லி வெற்றிலையைத் துப்பிவிட்டாள். இனிமேல் பாட்டுத்தான். தலையில் இருக்கும் சும்மாட்டை எடுத்து உதறி மறுபடியும் சுற்றி வைத்துக்கொள்வாள். இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே குரலை ஒருமுறை உரசிப் பார்ப்பாள். பிறகு இரும்புச் சட்டியின் விளிம்பில் மோதிரவிரலால் ஒரு தட்டு. மோதிரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், கீழே கிடந்த வாஷர் அது. விரலுக்கு அளவாக இருந்தது, போட்டுக்கொண்டாள். "பர்மனென்ட் ஆளுங்க வூட்டுப் பொம்பளைக்குப் பவுனு, காண்ட்ராக்ட்டுக்கு வாசரு" என்று அதை நீட்டிக் காட்டிச் சிரிப்பாள். அந்த வாஷர் சட்டியில் பட்டு 'ணங்' என்றதும், பக்கத்தில் ஓடும் பெல்ட்டின் இரைச்சலையும் மீறி அவள் குரல் கிளம்பும்.

இனிமையான குரலா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. கரகரத்த குரல். நெய்வேலிக் கரித்தூளில் பாதி அந்தத் தொண்டையில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குரல் எழுந்தால் வரிசையில் நிற்கும் பெண்களின் கை தானாக நீளும். சட்டி ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவும். பர்மனென்ட் ஆப்பரேட்டர் வெள்ளைச்சாமி, மதுரைக்கு மேற்கேயிருந்து வந்தவர், தன் இயந்திரக் கூண்டிலிருந்து தலையை நீட்டி, "ஏத்தா, அந்த அடியை இன்னொரு வாட்டி பாடு" என்பார். "சம்பளம் குடுப்பீங்களா?" என்று இவள் திருப்பிக் கேட்பாள்.

அவள் செய்யும் வேலையை அவளே சொன்னால்தான் சரியாக இருக்கும். மண்ணைத் தோண்டும் பெரிய சக்கர இயந்திரத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பல்லுக்காரி. மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும் பெல்ட்டுக்குப் பெயர் நாக்கு. "பல்லுக்காரி துன்னுவா, நாக்கு சிந்தும், நாங்க பொறுக்குவம். அவ்ளோதாங்க எங்க வேல." பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் குவியும் மண்ணையும் கரியையும் சட்டியில் அள்ளி, வரிசையாக நின்று கைமாற்றி மேலே சேர்க்க வேண்டும். குவியல் வளர்ந்து பெல்ட்டை முட்டிவிட்டால் பெல்ட் நின்றுவிடும். பெல்ட் நின்றால் மேஸ்திரி சிங்காரவேலின் வாய் திறந்துவிடும். அதற்கு ஓட்டமே ஓயாது.

வடக்குத்து காலனியில் வீடு. புருஷன் கொளஞ்சியப்பன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசாத மனிதர். "வூட்ல பேசறதுக்கு ஒரு ஆளு போதுங்க" என்பது அம்சவல்லியின் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவள் பாடுவதே இல்லை. டவுன்ஷிப்பில் ஒரு மன்றத்தார் பொங்கல் விழாவுக்கு மேடையேற்றி மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். அவள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு சத்தம் வரவில்லை. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியதும், "யாராச்சும் ஒரு சட்டி குடுங்கய்யா, வெறுங்கையோட பாட்டு எப்பிடி வரும்?" என்றாள். பந்திக்குச் சாம்பார் கொண்டுபோகும் வாளி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கியபிறகு நிறுத்த முடியவில்லையாம். தலைவர் பேச வேண்டிய நேரமும் போய்விட்டது.

பாட்டை அவள் கற்றது வயலில். காண்ட்ராக்டர் குஞ்சிதபாதம் இருக்கிறாரே, அவர் வீட்டு வயலில்தான் அவளும் அவள் அம்மாவும் நாற்று நட்டார்கள். அப்போது அவர் காண்ட்ராக்டர் இல்லை, பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. அவரைப் பார்த்தால் காலனிக்காரர்கள் "ஆண்டே" என்று விலகி நிற்க வேண்டும். ஆனால் நடவுக்கு இறங்கிவிட்டால் வேறு சட்டம். பாட்டில் பண்ணைக்காரரை 'நீ' என்று கூப்பிடலாம், மீசையைக் கேலி செய்யலாம், தொந்தியைக் கேலி செய்யலாம், கூலி குறைத்ததை ஊரறியச் சொல்லலாம். பாட்டில் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டவன் மானங்கெட்டவன். வரப்பில் யாராவது வந்தால், ஒரு பிடி நாற்றை முடியாகக் கட்டி அவர் காலடியில் வைத்துப் பாடுவார்கள். கேட்டதைக் கொடுக்காமல் அந்த முடியைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் விளைச்சல் போய்விடும் என்ற பயம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாட்டெடுப்பவள் ஓர் அடியைத் தப்பாகப் பாடிவிட்டால், வரிசையில் எவள் அதைப் பிடிக்கிறாளோ அவள்தான் மிச்சப் பாட்டைப் பாட வேண்டும். வரப்புக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் விடமாட்டார்கள். "தப்புக் கண்டுபுடிக்கறது சுளுவு, பாடிக் காட்டு பாப்பம்னு வுட்டுடுவம்" என்பாள் அம்சவல்லி.

பிறகு சுரங்கம் வந்தது. பண்ணை நிலம் போயிற்று. பணம் வாங்கிய குஞ்சிதபாதம் டிராக்டர் வாங்கினார், ஆள் சேர்த்தார், காண்ட்ராக்டர் ஆனார். பெரிய நிலம் போன மாதிரியே சின்ன நிலங்களும் போயின. அப்படிப் போனதுதான் கஸ்தூரியம்மாள் குடும்பத்துக் காணி. ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடந்தவள், நடவுக்கு ஆள் வைத்துக் கூலி அளந்தவள், கடைசியில் அதே இரும்புச் சட்டியைத் தூக்க வந்தாள். வந்த புதிதில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்வாள். பாவமாகத்தான் இருக்கும். நிலம் போய், மாடு போய், மிச்சம் இருந்த ஒன்றே ஒன்றை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் காலனி இல்லை, ஊர்த்தெரு என்பதுதான் அது.

இங்கேதான் தண்ணீர் விஷயம் வருகிறது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் குஞ்சிதபாதத்தின் டிராக்டரில் ஒரு டிரம் தண்ணீர் வரும். மேலே ஈரச் சாக்கு, மூடியின்மேல் ஓர் அலுமினியச் சொம்பு. ஊர்த்தெருப் பெண்கள் சொம்பை எடுத்து மொண்டு அண்ணாந்து குடிப்பார்கள். காலனிப் பெண்கள் தள்ளி நிற்க வேண்டும். கஸ்தூரியம்மாள் மொண்டு ஊற்ற, இவர்கள் குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடிக்க வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. வயலில் எப்படியோ அப்படியே மைன்ஸுக்கும் நடந்து வந்துவிட்டது.

அம்சவல்லிக்கு இது ஆறவே இல்லை. காரணம், பாட்டு. அவள் ஓர் அடி எடுத்தால் ஊர்த்தெருப் பெண்களும் சேர்ந்துதான் பதில் அடி பாடினார்கள். அவள் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே தங்கள் வாயில் வாங்கிக்கொண்டார்கள். அவள் கை பட்ட சட்டியையும் வாங்கினார்கள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க கஸ்தூரிம்மா, நான் தொட்ட சட்டிய வாங்கறீங்களே, தீட்டு இல்லீங்களா?"

"இரும்புக்கு ஏதுடி தீட்டு?"

"டிரம்மும் இரும்புதானேங்க?"

அன்றைக்குக் கஸ்தூரியம்மாள் தண்ணீர் ஊற்றும்போது சொம்பு கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. பாதித் தண்ணீர் அம்சவல்லியின் முகத்தில் விழுந்தது.

"எனுக்கு ஒண்ணும் பெரிய ஆச இல்லீங்க" என்று அவள் பின்னாளில் சொல்வாள். "பர்மனென்ட் பண்ணுன்னு கேட்டனா, குவார்ட்டர்ஸ் குடுன்னு கேட்டனா? அந்தச் சொம்ப நானே எடுத்து, நானே மொண்டு, எல்லாரோடயும் ஒண்ணா நின்னு ஒரு வாட்டி குடிக்கணும். அவ்ளோதான்." கொளஞ்சியப்பனுக்குப் பயம். காண்ட்ராக்ட் வேலை என்பது மேஸ்திரியின் நாக்கு நுனியில் இருப்பது. 'நாளையிலேர்ந்து வராத' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. "தண்ணி எப்பிடிக் குடிச்சா இன்னா? உள்ள போனா சரி" என்றார் அவர். அன்றிரவு புருஷனுக்குக் குழம்பில் உப்பு போடவில்லை. "எப்பிடித் துன்னா இன்னா? உள்ள போனா சரி" என்றாள்.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை. நெய்வேலிக் கோடையைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே வெயில், கீழே கரியின் சூடு. அப்படி ஒருநாள் குஞ்சிதபாதம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, பின்னால் சிங்காரவேல்.

அம்சவல்லி சட்டியைக் கீழே வைத்தாள். ஊற்றுநீர் தேங்கிய பள்ளத்தின் ஓரம் கோரைப்புல் வளர்ந்திருந்தது. ஒரு பிடி பிடுங்கினாள், வேரை உதறினாள், நாற்றைக் கட்டுவதுபோல அதையே திரித்துக் கட்டினாள். விறுவிறுவென்று போய்க் காண்ட்ராக்டரின் காலடியில் வைத்தாள். வெற்றிலையைத் துப்பினாள். வாஷர் சட்டியில் பட்டது.

"வெள்ளவேட்டி கட்டிகினு
வெய்யில்ல வந்த மவராசா!
வேட்டியில கரி புடிச்சா
வெளுத்துப்புடத் தண்ணி உண்டு.
தொண்டையில கரி புடிச்சா
தொடச்சிப்புடச் சொம்பு உண்டா?

கொடையப் புடிச்சிகினு
கோயிலாட்டம் நிக்கிறியே!
கையேந்தி நிக்கிறவ
களைச்சதத்தான் பாத்தியா நீ?"

காலனிப் பெண்கள் பயந்துகொண்டே பதில் அடி எடுத்தார்கள். ஊர்த்தெருப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. சிங்காரவேலுக்குக் கண் சிவந்துவிட்டது. "இன்னா திமிருடி ஒனக்கு! மொதலாளிய 'நீ'ங்கறியா? போ, சட்டிய வெச்சிட்டு வூட்டுக்குப் போ!" என்று புல்முடியைக் காலால் எத்தப் போனான்.

"டேய், டேய்! ஒதைக்காத!" என்று அலறினார் குஞ்சிதபாதம். அலறல் என்றால் நிஜமான அலறல். ஒற்றைக்காலில் பின்வாங்கிவிட்டார். நிலம் போய் எத்தனையோ நாளாகிவிட்டது, ஆனாலும் அந்தக் கால் வரப்பில் வளர்ந்த கால். காலடியில் முடி வைத்துப் பாட்டும் பாடியாகிவிட்டது. மனிதர் தாண்டவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றார். சட்டைப்பையில் கையை விட்டார்.

"காசு வாணாங்க" என்றாள் அம்சவல்லி. பாட்டு முடிந்ததும் 'நீ' போய் 'ங்க' வந்துவிட்டது.

"பின்ன?"

"நாங்களும் சொம்பு எடுத்துக் குடிக்கறம்னு சொல்லிடுங்க."

குஞ்சிதபாதம் சுற்றிலும் பார்த்தார். வெள்ளைச்சாமி கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். "குடிங்களேன், எவன் கையப் புடிச்சான்? நான் வாணாம்னு சொன்னனா?" என்றார் குஞ்சிதபாதம், இத்தனை நாளும் தனக்குத் தெரியவே தெரியாததுபோல. குனிந்து புல்முடியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் குடையை மடக்காமலேயே ஜீப்பில் ஏறினார்.

ஜெயித்துவிட்டோம் என்று அம்சவல்லி அன்று குதித்தாள். கொளஞ்சியப்பனுக்கு மீன்குழம்பு, உப்பெல்லாம் போட்டு. ஐயோ, அந்தச் சந்தோஷம் விடியும்வரைதான்.

மறுநாள் கஸ்தூரியம்மாள் இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஊர்த்தெருப் பெண்கள், ஆளாளுக்குச் செம்போ தூக்கோ. எல்லாத் தண்ணீரையும் தனியாக ஒரு மூலையில் வைத்து மூடினார்கள். டிரம்மின் பக்கமே வரவில்லை. டிரம் முழுக்கக் காலனிக்கு. அம்சவல்லி சொம்பை எடுத்தாள், தன் கையால் மொண்டாள், குடித்தாள். முதல் மடக்கு இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. மீதியைக் காலில் ஊற்றிக்கொண்டாள்.

"ஆளு முச்சூடும் குடிக்கற டிரம்ம எங்ககிட்ட வுட்டுட்டுப் போயிட்டாங்க. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது, குளிக்கறதா?" என்று சொல்லும்போது இப்போதும் அவள் குரலில் கோபம் வரும். அன்றைக்கு அழுதிருக்கிறாள், பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் போய்.

அதோடு பாட்டும் போயிற்று. அவள் எடுத்தால் காலனிப் பெண்கள் மட்டும் பதில் பாடினார்கள். வரிசையில் ஊர்த்தெருவும் காலனியும் கலந்து நிற்பதால், ஒருத்தி பாட்டின் தாளத்தில் கையை நீட்ட, அடுத்தவள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, சட்டி நடுவில் விழுந்தது. காலில் விழுந்து ஒருத்திக்கு நகம் பெயர்ந்தது. குவியல் பெல்ட்டை நோக்கி வளர்ந்தது. பாட்டென்றாலே எரிந்து விழும் சிங்காரவேல், "பாடித் தொலைங்களேன்! கல்யாணத்துல பாடறாப்ல எல்லாருமா பாடித் தொலைங்களேன்!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கத்தினான்.

கஸ்தூரியம்மாளின் கட்சிக்கும் சுகமில்லை. இடுப்புக் குடம் எவ்வளவு கொள்ளும்? அத்தனை பேரும் குடித்தால் நடுப்பகலுக்கு முன்பே காலி. பித்தளை வெயிலில் சுட்டு, இருக்கும் தண்ணீரும் வெந்நீர். மதியத்துக்குமேல் ஷிப்டு சங்கு ஊதும்வரை எச்சிலை விழுங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். சற்றுத் தூரத்தில் ஈரச் சாக்கு போர்த்திய டிரம் குளிர்ச்சியாக நின்றது. அதைப் பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாடு வேலையைவிடப் பெரிய பாடு.

அம்சவல்லியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் ஒரு மதியம், கஸ்தூரியம்மாள் வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கடைசிச் சொட்டை உள்ளங்கையில் வாங்கி முகத்தில் தடவிக்கொண்டதைப் பார்த்ததும், அந்தக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "மூஞ்சி சுருங்கிப் போச்சிங்க. எங்க ஆளுங்களாட்டமே இருந்திச்சி" என்பாள்.

மறுநாள் உச்சிவெயில். குவியல் பெல்ட்டைத் தொட இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. அம்சவல்லி வெற்றிலையைத் துப்பினாள். சும்மாட்டை உதறிக் கட்டினாள். வாஷரால் தட்டினாள். எடுத்தது நடவுப் பாட்டு, ஊர்த்தெருவும் காலனியும் பிறந்ததிலிருந்து கேட்ட ராகம்.

"மார்கழி மாசத்துல
மடியில வெத எடுத்து
பனிபேயும் காலையில
சம்பா நாத்துவுட்டேன்..."

காலனிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதில் அடி எடுக்கத் தயங்கினார்கள். அம்சவல்லி எதையும் கவனிக்காதவள்போல இன்னும் சத்தமாகப் பாடினாள்.

"ஆடி பொறக்கையிலே
அருவாள தீட்டிவெச்சு
சம்பா அறுப்பறுத்தேன்..."

வரிசையின் நடுவில் கஸ்தூரியம்மாள் சட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். காணி போனவள்தான், ஆனால் காணி வைத்திருந்தவள். எத்தனையோ வருஷம் நாற்றங்காலைத் தானே போய்ப் பார்த்து விதை விட்டவள். எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"அடிப் பாவி!" என்று வெடித்தாள். "மார்கழியில எவடி சம்பா நாத்துவுடுவா? அப்பக் கதிரு முத்திகினு நிக்குமே! ஆடியில அறுக்கறாளாம் அறுக்க! ஒன் வாய்ல மண்ணப் போட!"

ஊர்த்தெருப் பெண்களிலேயே ஒருத்தி, சிரிப்பை அடக்க மாட்டாமல், "புடிச்சிட்டியேக்கா, நீதான் பாடணும்!" என்றாள். வழக்கம் வழக்கம்தானே! "ஆமா, பாடணும், பாடணும்!" என்று காலனிப் பக்கமும் கூவியது. "பெல்ட்டு நிக்கப் போவுது, பாடும்மா தாயே!" என்று சிங்காரவேலும் சேர்ந்துகொண்டான்.

கஸ்தூரியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வயலில் அவள் பாடியதில்லை, கூலி கொடுக்கிற வீட்டுப் பெண் பாடக் கூடாது. ஆனால் வரப்பில் நின்றுகொண்டு வாய்க்குள்ளேயே எல்லாப் பாட்டையும் பாடியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆடி மாசத்துல
அடமழைக்கு முன்னால
சேத்தக் கலக்கிவுட்டுச்
சம்பா நாத்துவுட்டேன்.

பொரட்டாசி பொறக்கையிலே
பொம்பளைங்க கூடி நட்டோம்.
தையி பொறக்கையிலே
தலக்கதிரு சாஞ்சதடி!"

மெல்லிய குரல். ஆனால் எங்கேயும் பிசகாத குரல். முதலில் நடுங்கியது, இரண்டாவது அடியில் நிமிர்ந்தது. அம்சவல்லி பதில் அடி எடுத்தாள். தலைமை போய்விட்டதே என்ற வருத்தம் துளிகூட இல்லாமல், தொண்டை கிழிய எடுத்தாள். காலனி எடுத்தது. ஊர்த்தெரு எடுத்தது. சட்டி விழவில்லை. கை நீளுகிற இடத்தில் அடுத்த கை இருந்தது. கஸ்தூரியம்மாள் களையெடுத்தாள், காவல் காத்தாள், கதிரறுத்தாள், களத்தில் அடித்தாள், தூற்றினாள். முடிகிற இடம் வந்தும் முடிக்கவில்லை. அவளுக்கே முடிக்க மனமில்லை. குவியல் கரைந்து பெல்ட்டுக்கு அடியில் வெறுந்தரை தெரிந்தது. கூண்டில் வெள்ளைச்சாமி தன் ஊர்ப் பெண்கள் போடுகிற குலவையைத் தானே போட முயன்று இருமினார்.

அந்த அடியைத் தெரிந்தே தப்பாகப் பாடினாயா என்று கேட்டால் அம்சவல்லி ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "வெய்யிலுங்க. மறதி வந்துட்ச்சி" என்பாள். நாலெழுத்துப் படிக்காதவள் நானூறு பாட்டை மறக்காமல் வைத்திருக்கிறாள், அவளுக்கு ஆடியும் மார்கழியும் மறந்துவிட்டதாம்! நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

பாட்டு நின்றதும் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். கஸ்தூரியம்மாள் மூலைக்குப் போய்ப் பித்தளைக் குடத்தைச் சாய்த்தாள். குடத்தில் ஒன்றும் இல்லை. அவ்வளவு நேரம் பாடிய தொண்டை. எச்சில் விழுங்கக்கூட எச்சில் இல்லை. இங்கும் அங்கும் பார்த்தாள். காலனிப் பெண்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊர்த்தெருப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

அம்சவல்லி டிரம்மின் பக்கத்தில் நின்றாள். சாக்கை விலக்கிச் சொம்பை அமிழ்த்தி எடுத்தாள். தான் குடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் ஒரு சொல் அதிகமாகப் பேசியிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். வாயாடி என்று பேரெடுத்தவள் அன்றைக்கு வாயைப் பூட்டிக்கொண்டாள்.

கஸ்தூரியம்மாள் வந்தாள். ஓரடி தள்ளியே நின்றாள். அந்தச் சொம்பைத் தா என்று கேட்க அவளுக்கு வரவில்லை. அம்சவல்லி கை பட்ட சொம்பு அது. வேறு வழி தெரியாமல் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேராக ஏந்தினாள்.

அவளுக்கு ஏந்தத் தெரியவில்லை. காலனியில் பிறந்த குழந்தைகூடச் சுண்டுவிரல் இரண்டையும் ஒட்டி, கட்டைவிரலை மடக்கி, முழங்கையைத் தூக்கிப் பிடிக்கும். அப்போதுதான் தண்ணீர் வாய்க்குப் போகும். இவள் விரல்களுக்கு நடுவே சந்து சந்தாக வெளிச்சம் தெரிந்தது. அம்சவல்லி ஊற்றினாள். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து, முழங்கை வழியாக ஓடி ரவிக்கையை நனைத்தது. உதடுதான் ஈரமானது. கஸ்தூரியம்மாள் மறுபடி ஏந்தினாள். மறுபடியும் அப்படியே. மூன்றாம் தரம் ஏந்தியபோது அவள் கண்ணும் நனைந்திருந்தது, அது டிரம் தண்ணீரா வேறா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அம்சவல்லி சிரிக்கவில்லை. "கைய எறக்குக்கா" என்றாள். வாயில் 'ங்க' வரவில்லை, பாட்டும் பாடிக்கொண்டிருக்கவில்லை. சொம்பை டிரம்மில் அமிழ்த்தித் தளும்பத் தளும்ப மொண்டாள். ஏந்தியிருந்த அந்த ஈரக் கைகளை இடது கையால் பிரித்தாள். நடுவில் சொம்பை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டாள்.